இரண்டு வரிசைக்கு நடுவே

மேடை ஏறிப் பேசுவது என்று வேலாயுதம் முடிவு செய்தது ஒரு வியாழக்கிழமை காலையில், பல் துலக்கும்போது. வாயில் பற்பொடி இருந்ததால் அந்த மகத்தான முடிவை உடனே மனைவியிடம் சொல்ல முடியவில்லை. கொப்பளித்துவிட்டு வருவதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர் எந்தச் செய்தியையும் தனலெட்சுமிக்கு முதலில் சொன்னதில்லை. தாமதமாக வந்து உறுதி செய்ததுதான் உண்டு.

"சனிக்கிழமை வாசகசாலையிலே பேசப் போறீங்களாக்கும்," என்றாள் அவள், தோசையைத் திருப்பிக்கொண்டே.

"யார் சொன்னா?"

"பல் துலக்கறப்போ கையை அப்படி வீசினீங்களே. பற்பொடிக்கு யாரும் அவ்வளவு எடுத்துச் சொல்ல மாட்டாங்க."

வேலாயுதம் உட்கார்ந்தார். தோசை வந்தது. கோபத்தோடு தொடங்கி, சட்னி வந்ததும் மறந்துபோனார். அவருடைய கோபங்கள் எல்லாமே அப்படித்தான். கிளம்பும், ஆனால் ஊர் போய்ச் சேராது.

விஷயம் இது. மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் மொத்தம் நாற்பது வீடு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் அந்த நாற்பது வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு மோட்டார் சைக்கிள். அது வேலாயுதத்தினுடையது. கப்பலேறி ஊர் திரும்பிய ஒரு சர்வேயர் துரையிடமிருந்து வந்தது. அவர் வேலை பார்த்த சரக்குக் கொட்டகைக்கும் வீட்டுக்கும் ஒன்றேகால் மைல். நடந்தால் இருபத்தைந்து நிமிஷம். மோட்டார் சைக்கிளில், உதைத்துக் கிளப்புகிற நேரத்தையும் சேர்த்தால், முப்பது.

ஆனால் வழியில் ரயில் கேட் ஒன்று இருந்தது. வேலாயுதத்தின் வாழ்க்கையில் இருந்த ஒரே சொர்க்கவாசல் அதுதான்.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கேட்டைச் சாத்துவார்கள். இன்ஜின் ஒன்று பெட்டிகளைக் கோர்த்துக்கொண்டு முன்னும் பின்னும் போகும். அதற்கு எந்த அவசரமும் கிடையாது. இடது ஓரத்தில் மாட்டு வண்டிகள் ஒரு வரிசை, செங்கல்லும் விறகும் ஏற்றியவை. அதை ஒட்டி வலது பக்கம் மோட்டார் கார்களும் லோரிகளும் ஒரு வரிசை. இரண்டுக்கும் நடுவே, யாருக்கும் வேண்டாத, யாரும் கட்டாத, இரண்டு முழ அகலத்தில் ஒரு சந்து.

அந்தச் சந்தில் வேலாயுதம் நுழைவார்.

நுழைந்ததும் அவருக்குக் காது மெதுவாக அடைத்துக்கொள்ளும். வண்டி நடக்கிற வேகத்தில் போகும். இடப்பக்கம் வைக்கோல் வாசனை, மாட்டின் மூச்சு. வலப்பக்கம் பெட்ரோல் சூடு, புகை போட்ட ரப்பர் ஷீட்டின் புளிச்ச வாடை, எந்தக் காரிலிருந்தோ ஒரு துரைசாணியின் பவுடர் மணம். மாட்டுக் கண்கள் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வந்து போகும், கறுத்த கிணறுகள் போல. ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு குட்டி வேலாயுதம் குட்டி மோட்டார் சைக்கிளில் மிதந்துபோவார். வெயில் சாய்ந்து, தூசியெல்லாம் பொன்னாகி, எல்லாரும் நின்றுகொண்டிருக்க அவர் ஒருவர் மட்டும் நகர்ந்துகொண்டிருப்பார். ஆபீஸில் அவர் மூன்றாம் கிளார்க். வீட்டில் எத்தனையாவது என்று அவர் கேட்டுக்கொண்டதில்லை. சந்தில் மட்டும் அவருக்கு முன்னால் யாரும் கிடையாது.

இந்தச் சொர்க்கத்துக்கு ஒரு காவலாளியும் உண்டு. கேட்டுக்கு முன்னால் மரப்பெட்டி மேல் நின்ற மலாய்க்காரக் கான்ஸ்டபிள். கை நீட்டி நீட்டி வலிக்கக் கூடாதென்று அவர் முதுகில் சர்க்கார் குறுக்காக ஒரு நீளப் பிரம்புத் தட்டியைக் கட்டிவிட்டிருந்தது, இரண்டு சிறகு போல. அவர் உடம்பைத் திருப்பினால் ஒரு ரோடு நிற்கும், இன்னொரு ரோடு போகும். "கான்வென்ட் படத்திலே தேவதூதருக்கு இறகு இருந்துச்சு. நம்ம சர்க்கார் சிக்கனமா ரோத்தான் பிரம்பிலே முடிச்சிட்டாங்க," என்பாள் தனலெட்சுமி.

அந்தச் சிறகுக்காரர்தான் போன வாரம் வேலாயுதத்தைத் தடுத்து நிறுத்தி, அடுத்த தடவை நடுவில் வந்தால் நம்பரை எழுதிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். அதற்கும் காரணம் இருந்தது. அதற்கு முந்தின வாரம், சந்தில் போகும்போது ஒரு மாடு தலையை ஆட்டியதில், அதன் கொம்பு வேலாயுதத்தின் கோட்டுக் கையைத் தோளிலிருந்து முழங்கை வரை கிழித்துவிட்டது. அவர் வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி, ஆணியில் மாட்டி, ஒன்றும் நடக்காத முகத்தோடு பேப்பர் படித்தார். தனலெட்சுமி கோட்டை எடுத்துத் தைத்தாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுடைய மௌனம் ரயிலுக்குக் கேட் சாத்துவது மாதிரி. எது வருகிறதென்று தெரியாது, ஆனால் எதுவோ வருகிறது.

வாசகசாலைத் தலைவர் பழனியப்பன் எதையும் தீர்மானம் போட்டுத்தான் நம்புவார். அவர் போலீஸ் அதிகாரியைப் பார்த்துப் பேசியதில், "கேட்டைத் தினமும் தாண்டுகிறவர்கள் நீங்கள்தான். உங்கள் சங்கம் என்ன சொல்கிறதோ அதையே நானும் வைத்துக்கொள்கிறேன்," என்று அதிகாரி சொல்லிவிட்டாராம். ஆகவே சனிக்கிழமை விவாதம். நிற்கும் வண்டிகளின் இரண்டு வரிசைக்கு நடுவே மோட்டார் சைக்கிள் போகலாமா, கூடாதா? கூடாது என்று முடிவானால் வேலாயுதத்தின் சந்து போச்சு. மீதி ஆயுள் முழுவதும் வரிசையில் நின்று வீடு வரவேண்டியதுதான்.

"எதுத்துப் பேசுறது யாரு?" என்று தனலெட்சுமி கேட்டாள்.

"நம்ம பக்கத்து வீட்டு நாகையாதான்."

"அவருக்கு வண்டியே இல்லையே."

"அதனாலேதான் எதுக்கிறான்."

தனலெட்சுமி இரண்டாவது தோசையை அவர் தட்டில் போட்டாள். "பேச்சை எழுதிட்டீங்களா?"

வேலாயுதம் பெருமையோடு சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். அவள் படித்தாள். அவளைக் கன்னியாஸ்திரீகள் எட்டு வருஷம் படிக்க வைத்திருந்தார்கள். தப்பு என்று கண்ட இடத்தில் புருவம் தானாக ஏறும். முதல் பக்கத்திலேயே அது நெற்றிப்பொட்டைத் தொட்டது.

"ஆதியிலே சூரியனும் சந்திரனும்னு ஆரம்பிச்சிருக்கீங்க. கேட்டுக்கு எப்போ வருவீங்க?"

"நாலாம் பக்கத்திலே."

"அதுக்குள்ளே ரயிலே போயிடும். கொடுங்க, நான் எழுதித் தரேன்."

"நீயா? நீ என் கட்சியா?"

"நீங்க தோத்துட்டா தினமும் அரை மணி லேட்டா வருவீங்க. தோசையை யாரு சூடா வச்சுக்கிட்டு நிக்கிறது?"

வேலாயுதம் நெகிழ்ந்துபோனார். இந்த இடத்தில் ஒரு புத்திசாலி சந்தேகப்பட்டிருப்பான். அவர் இன்னொரு தோசை கேட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் வாசகசாலையில் முப்பத்தொரு ஆண்கள் பெஞ்சிலும், பத்துப் பன்னிரண்டு பெண்கள் பக்கவாட்டில் பாயிலும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்களுக்கு ஓட்டு இல்லை. கேட்கலாம், விசிறிக்கொள்ளலாம்.

முதலில் நாகையா எழுந்தார். டிக்கெட் கலெக்டர். எதையும் இரண்டாகக் கிழித்துப் பார்க்கிற தொழில்.

"வரிசைன்னா வரிசைதான். இன்னிக்கு நடுவுலே ஒரு மோட்டார் சைக்கிள் போகும். நாளைக்கு சைக்கிள் போகும். நாளன்னிக்கு ஐஸ் வண்டி போகும். அப்புறம் நடுவுலேயே ஒரு வரிசை ஆயிடும் லா. அதுக்கு நடுவுலே யாரு போறது? இன்னொண்ணு, மாடு மிரண்டா என்ன ஆகும்? வண்டி நிறைய செங்கல். வண்டிக்காரன் கால் கீழே. அண்ணனுக்குக் கோட்டுக் கையோட போச்சு. அவனுக்குக் காலே போகும்."

கைதட்டினார்கள். வேலாயுதத்துக்கு அது கொஞ்சம் நியாயமாகவே பட்டது. அதனால் அவசரமாக எழுந்தார்.

தனலெட்சுமியின் பேச்சு கையில் இருந்தது. நாலு பக்கம், முத்து முத்தான எழுத்து. அவர் படிக்கப் படிக்க அவருக்கே ஆச்சரியம்.

"வரிசையில் நில் என்கிறார்கள். நிற்கிறேன். எனக்கு முன்னால் செங்கல் வண்டி, பின்னால் ரப்பர் லோரி. லோரிக்காரருக்கு என் தலை கண்ணில் படாது. கேட் திறந்ததும் அவர் கிளம்புவார். பூரிக்கட்டைக்குக் கீழே மாவு இருக்கிறதே, அதுதான் நான். நடுவில் போகிறவனை எல்லாரும் பார்க்கிறார்கள், திட்டுகிறார்கள். திட்டுகிறவன் பார்த்துவிட்டான் என்று அர்த்தம். பார்த்துவிட்டவன் இடிக்க மாட்டான். மேலும், நடுவில் போகிறவன் யாருடைய இடத்தையும் பிடிப்பதில்லை. அவனால் வரிசையில் ஒரு வண்டி குறைகிறது. பின்னால் இருக்கிற அத்தனை பேரும் ஒரு வண்டி முன்னால் வருகிறார்கள். ஓசை கேட்டால் மாடு மிரளும் என்பது உண்மை. ஆகவே நடக்கிற வேகம், ஹாரன் கிடையாது, இன்ஜின் முனகலாம், கத்தக் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டோடு அனுமதியுங்கள்."

கூட்டம் வாயைப் பிளந்தது. வேலாயுதத்துக்குக் கால் தரையில் இல்லை. ஹாலின் இரண்டு பக்கமும் பெஞ்சுகள், நடுவில் ஒரு சந்து, அதில் அவர் மிதந்துகொண்டிருந்தார். விளக்குகளெல்லாம் மாட்டுக் கண்களாக மினுங்கின.

அப்போது நாகையா மறுபடி எழுந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னச் சீட்டை எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார்.

"ஒரே கேள்வி. அவ்வளவு பத்திரமான வழின்னா, பேச்சாளர் தம்முடைய மனைவியை ஏற்றிக்கொண்டு அந்த வழியில் போவாரா?"

பாயில் விசிறிகள் நின்றன.

வேலாயுதம் யோசித்தார். அவர் அபூர்வமாகச் செய்கிற காரியம், செய்தபோதெல்லாம் நஷ்டம். அவர் யோசனை இப்படிப் போனது: குவார்ட்டர்ஸில் எந்தக் குடும்பப் பெண்ணும் நடு ரோட்டில் புருஷன் முதுகைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார மாட்டாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இராஜம்மா தன் புருஷன் சைக்கிள் கேரியரில் ஏறிப் பாசார் வரைக்கும் போனதை இன்னும் குழாயடியில் பேசுகிறார்கள். தனலெட்சுமியோ, எதிரே ஆள் வந்தால் தம்மை விட்டு நாலு அடி தள்ளி நடக்கிறவள். நடக்கவே நடக்காத காரியத்துக்கு வாக்குக் கொடுப்பதில் என்ன செலவு?

அவர் காகிதத்தை மடித்தார். நெஞ்சில் கை வைத்தார். இதுவரை எல்லாம் அவள் எழுதியது. இந்த ஒரு வாக்கியம் அவருடைய சொந்தச் சரக்கு.

"என் மனைவியை ஏற்றிக்கொண்டு போக முடியாத வழியில், நான் தனியாகவும் போக மாட்டேன்."

கூரை அதிர்ந்தது. பத்தொன்பது பேர் அவர் பக்கம், பதினொரு பேர் நாகையா பக்கம், தலைவர் யார் பக்கமும் இல்லை. தீர்மானம் நிறைவேறியது. வாசகசாலைக்கு ஒரு பழக்கம் உண்டு. மேடையில் எவராவது வாய்விட்டு ஒரு வாக்குக் கொடுத்தால் அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, கீழே அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். கள்ளை விட்டுவிடுகிறேன் என்று மேடையில் அழுதவர்கள் மறுநாள் மறந்துவிட்டதால் வந்த ஏற்பாடு. பழனியப்பன் எழுதினார். புத்தகத்தைத் திருப்பி வைத்தார். வேலாயுதம் இருபது வருஷக் கிளார்க். முன்னால் காகிதம் வந்தால் கை தானாகப் போடும். போட்டது.

வெளியே வரும்போது நாகையா அவர் தோளைத் தட்டி, அந்தச் சீட்டைக் கையில் திணித்தார். "நீங்களே வச்சுக்குங்க அண்ணே. எனக்கு இனிமே வேண்டாம்."

வேலாயுதம் விளக்கடியில் பிரித்துப் பார்த்தார். முத்து முத்தான எழுத்து.

வீட்டுக்குப் போய்ச் சீட்டை மேஜைமேல் வைத்தார்.

"இது உன் எழுத்து."

"ஆமா. நாகையா அண்ணனுக்குத் தப்பில்லாம எழுத வராது. தங்கச்சி, ஒரு கேள்வி எழுதிக் கொடுன்னார்."

"எதிரிக்கு நீ எழுதிக் கொடுப்பியா?"

"உங்களுக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவருக்கு ஒரு வரிதான். கணக்குப் பண்ணிப் பாருங்க, நான் யாரு பக்கம்னு."

வேலாயுதம் கணக்குப் பண்ணிப் பார்த்தார். நாலு பக்கம் ஒரு வரியைவிடப் பெரிதுதான். சமாதானமாகி உட்கார்ந்தார்.

"அடுத்த வாரம் ஞாயிறு கிள்ளானுக்குப் போகலாம்," என்றாள் தனலெட்சுமி. "கன்னையாவைப் பார்த்து எட்டு மாசமாச்சு." கன்னையா அவள் தம்பி, கிள்ளானுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி.

"ரயில் பாஸ் எழுதிப் போடறேன்."

"ரயில் எதுக்கு? சபையிலே கை வச்சுச் சொன்னீங்களே, ஏத்திக்கிட்டுப் போவேன்னு."

வேலாயுதம் சிரித்தார். சீமாட்டி கேட்கிறாள், பார். "வாயேன். பின்னாலே உட்கார். குழாயடிக்கு மூணு வருஷத்துக்கு விஷயம்."

"சேச்சே, பின்னாலே எல்லாம் உட்கார மாட்டேன். நம்ம குடும்பத்துக்கு அது பழக்கமில்லே," என்றாள் அவள், தட்டைக் கழுவப் போய்க்கொண்டே.

தாம் கணக்குப் போட்டது சரியாகிவிட்டது என்று அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

திங்களும் செவ்வாயும் அவர் சந்தில் ராஜாவாகப் போனார். நடக்கிற வேகம், ஹாரன் இல்லை, முனகல் மட்டும். சிறகுக்காரர் அவரைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூடவே சிறகும் திரும்பியதால் பாவம், எதிர் ரோட்டில் ஒரு ரிக்‌ஷா காரணமில்லாமல் நின்றது. மாடுகள் அசை போட்டன. வானம் மங்குஸ்தான் தோல் நிறத்துக்கு மாறியது. இந்தக் கேட் என்றைக்கும் திறக்கவே வேண்டாம் என்று வேலாயுதம் நினைத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை தனலெட்சுமி சொன்னாள்: "கிள்ளான் சரக்கு வண்டியிலே கன்னையா என் பேருக்கு ஒண்ணு அனுப்பறான். சீக்கிரம் வெளியே எடுத்து அனுப்பி வையுங்க. மத்த மூட்டையோட வரிசையிலே போட்டுடாதீங்க."

"என்னது?"

"வீட்டுச் சாமான்."

வந்தது பெரிய உருப்படி. கோணியும் வைக்கோலும் சுற்றி, ஒரு குளிக்கிற தொட்டி அளவுக்கு. அதற்கு முன்னால் இருபத்தேழு மூட்டை காத்திருந்தன. வேலாயுதம் தம் அதிகாரத்தைக் கொஞ்சம் காட்டி, மூட்டைகளுக்கு நடுவே வழி பண்ணி, அதை முதலில் வெளியே கொண்டுவந்து, ரசீதில் தாமே கையெழுத்துப் போட்டு, மாட்டு வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார். மனைவிக்கு ஒரு நல்ல காரியம் செய்த சந்தோஷம் சாயங்காலம் வரைக்கும் இருந்தது.

சாயங்காலம் கொல்லைப்புறத்தில் நாகையா ஸ்பானரும் கையுமாகக் குந்தியிருந்தார். வைக்கோல் ஒரு பக்கம், கோணி ஒரு பக்கம். நடுவில், பச்சைப் பெயிண்டு பளபளக்க, மெத்தை வைத்த ஆசனத்தோடு, ஒற்றைச் சக்கரத்தில் சாய்ந்து நின்றது, மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் பூட்டுகிற ஒரு சைடுகார்.

"தோட்டத்துத் துரை சீமைக்குப் போறப்போ கன்னையாகிட்டே விட்டுட்டுப் போனாராம்," என்றாள் தனலெட்சுமி. "சும்மா கோழி முட்டையிட்டுக்கிட்டு இருந்துச்சு."

வேலாயுதம் அதைச் சுற்றி வந்தார்.

"நீதான் உட்கார மாட்டேன்னு சொன்னியே."

"பின்னாலே உட்கார மாட்டேன்னேன். இது பக்கம். கல்யாணத்திலே பக்கத்திலே உட்கார்ந்தேன், பூஜையிலே பக்கத்திலே உட்காரறேன். குழாயடியிலே கேட்டுட்டேன். ஒருத்தரும் தப்புச் சொல்லலே. இராஜம்மாதான் ரொம்ப சந்தோஷப்பட்டா."

"இது... இது என்ன அகலம் தெரியுமா?"

"மூணு முழத்துக்கு மேலே வரும் அண்ணே," என்றார் நாகையா, நட்டை முறுக்கிக்கொண்டே. கேட்காமலே உதவுகிற மனிதர்.

"சந்து ரெண்டு முழந்தானே."

"அப்படியா?" என்றாள் தனலெட்சுமி.

வேலாயுதம் கடைசியாக ஒரு நூலைப் பிடித்துப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை மாட்டிக்கலாம். மத்த நாள் கழட்டி வச்சிட்டு ஆபீஸ் போறேன்."

"கழட்டுங்க. யாரு வேண்டாம்னா? ஆனா என்னை ஏத்திக்கிட்டுப் போக முடியாத வழியிலே தனியாவும் போக மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. தலைவர் எனக்கு ஒரு நகல் கொடுத்திருக்காரு." அவள் அவருடைய கோட்டைக் கொடியிலிருந்து எடுத்து மடித்தாள். தைத்த இடத்தை ஒரு தடவை விரலால் நீவிவிட்டாள். "உங்களுக்கு ஒரு கோட்டுதான் இருக்கு. எனக்கும் அப்படித்தான், ஒண்ணுதான் இருக்கு," என்றாள் மெல்ல. பிறகு, மெல்லப் பேசிவிட்டதற்காகத் தன் மேலேயே எரிச்சல்பட்டவள் போல, "வாசல்லே நிக்காதீங்க, காபி ஆறுது," என்று அதட்டிவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸே வாசலுக்கு வந்தது. தனலெட்சுமி ஆரஞ்சுக் கரைப் புடவையில், மடியில் பலகாரத் தூக்கும் கையில் குடையுமாக, தேரில் அம்மன் ஏறுவது போல ஏறினாள். வேலாயுதம் உதைத்தார். வண்டி கிளம்பியது. கேட் சாத்தியிருந்தது.

மரப்பெட்டி மேலிருந்த சிறகுக்காரர் அந்த அகலத்தைப் பார்த்தார். ஒரு பெரிய புன்சிரிப்போடு உடம்பைத் திருப்பி, ஒரு செங்கல் வண்டிக்குப் பின்னால் இடம் காட்டினார். "நந்தி, நந்தி," என்றார். மலாயில் அதற்குப் பொறு என்று பொருள். வேலாயுதத்துக்கு முன்னாலும் நந்தி, காதிலும் நந்தி.

அவர் இன்ஜினை நிறுத்தினார். வால் ஒன்று இடமும் வலமும் ஆடியது. பக்கத்தில், இரண்டு வரிசைக்கு நடுவே, அவர் வாதாடி ஜெயித்த சந்து காலியாகக் கிடந்தது. காலை வெயில் அதில் நேராக விழுந்து, வைக்கோல் தூசியை மெதுவாகக் கிளப்பி, கேட் வரைக்கும் ஒரு பொன் கம்பளம் விரித்திருந்தது. அதன்மேல் போக நாற்பது வீட்டில் ஒரு ஆள்கூட இல்லை.

அவர் திரும்பிப் பார்த்தார். தனலெட்சுமி மெத்தையில் சாய்ந்திருந்தாள். குடை தோளில் சுழன்றது. காற்றில் நெற்றி முடி அசைந்தது. அவள் கண் பாதி மூடி, முகம் எங்கோ போயிருந்தது. எங்கே என்று அவருக்குத் தெரியும், அவரே தினமும் போய்வந்த இடம். கோபித்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தது மறுபடி வழியில் தங்கிவிட்டது.

"என்னங்க," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "நீங்க சொன்னது நெசந்தான். அந்தச் சந்து ரொம்ப அழகா இருக்கு, இங்கே உட்கார்ந்து பார்க்க."